ரயிலை மீட்டவர்கள் யார், யாருக்காக?

(இளைஞர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எட்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு ரயில் பாதையைப் பற்றிப் பேசப் போகிறேன். அது இங்கிலாந்தின் வடக்கே, யார்க்ஷயரில் இருக்கிறது. கீத்லி என்கிற ஆலை நகரத்தில் புறப்பட்டு, வொர்த் என்கிற சிற்றாற்றின் பள்ளத்தாக்கில் ஏறி, ஆக்ஸன்ஹோப் என்கிற கிராமத்தில் முடிகிறது. அரசு ரயில்வே இந்தப் பாதையை மூடியது. உள்ளூர் மக்களும் ரயில் ஆர்வலர்களும் சேர்ந்து அதை விலைக்கு வாங்கி, தாங்களே ஓட்டினார்கள். இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சாதி ஒழிப்பு பேசுகிற இடத்தில் இங்கிலாந்து ரயிலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அழுக்கு வேலையை யார் செய்கிறார்கள், பொதுச் சொத்து யார் கையில் இருக்கிறது, தொண்டுக்கும் உரிமைக்கும் என்ன வேறுபாடு ஆகிய மூன்று கேள்விகளும் நம்முடையவை. இந்த எட்டு கிலோமீட்டரில் மூன்றுக்கும் கொஞ்சம் பதில் இருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாதையின் நடுவில் இருக்கும் ஹவொர்த், பிரான்டி சகோதரிகள் வாழ்ந்த ஊர். ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு அது காற்று வீசும் மேட்டு நிலம். அங்கே வாழ்ந்த உழைப்பாளிகளுக்கு அது கம்பளி நூல் ஆலைகளின் ஊர். 1850இல் அந்த ஊரின் சுகாதாரம் பற்றி அரசு ஓர் அறிக்கை வாங்கியது. அங்கே இறந்தவர்களின் சராசரி வயது 25 சொச்சம் என்றும், பத்தில் நான்கு பேர் ஆறு வயதுக்குள் இறந்துபோனார்கள் என்றும் அந்த அறிக்கை சொன்னது. காரணம் குடிநீரும் கழிவுநீரும் கலந்ததுதான். அந்தப் பள்ளத்தாக்குக்கு 1867இல் ரயில் வந்தது. ஆலைகளுக்கு நிலக்கரியும் கம்பளியும் தேவைப்பட்டதால் ஆலை முதலாளிகள் பணம் போட்டார்கள். ஆனால் பாதை வந்த பிறகு தொழிலாளியும் அதில் ஏறினார். வேலைக்கும் சந்தைக்கும் மருத்துவத்துக்கும் அதில் போனார். முதலாளியின் சரக்குக்காகப் போட்ட பாதை காலப்போக்கில் ஊரின் பாதை ஆனது.

1948இல் பிரிட்டனின் ரயில்வே நாட்டுடைமை ஆனது. அதற்குப் பின் பஸ்ஸும் லாரியும் காரும் பெருகின. இந்தக் கிளைப் பாதை நட்டத்தில் ஓடுகிறது என்று கணக்குக் காட்டினார்கள். 1961 டிசம்பர் 30 அன்று கடைசிப் பயணிகள் ரயில் ஓடியது. 1962 ஜூனில் சரக்கு ரயிலும் நின்றது.

அடுத்த ஆண்டு இந்தக் கதை நாடு முழுக்க நடந்தது. பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் ஒரு பெரிய ரசாயன நிறுவனத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர். 1963 மார்ச்சில் அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். சுமார் 5,000 மைல் பாதையையும் 2,363 நிலையங்களையும் மூட வேண்டும் என்றது அந்த அறிக்கை. அவரை நியமித்த போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்பிள்ஸ், சாலை போடும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி நடத்தியவர்.

கணக்கு எப்படிப் போட்டார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். நாட்டின் பாதையில் மூன்றில் ஒரு பங்கு, பயணிகளில் நூற்றுக்கு ஒருவரைத்தான் சுமக்கிறது என்றார்கள். இதற்கு அடிப்படை 1961 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம் எடுத்த கணக்கெடுப்பு. கோடை விடுமுறையில் மட்டும் கூட்டம் வருகிற கடலோர ஊர்களுக்கு அந்த வாரத்தில் என்ன கூட்டம் இருந்திருக்கும்? அதேபோல, நகரத்தில் டிக்கெட் வாங்கிக் கிராமத்துக்குப் போகிறவரின் பணம் நகர நிலையத்தின் வரவில் ஏறிவிடும். கிராமத்து நிலையம் ஏழையாகவே தெரியும். எதை எண்ணுவது, எப்போது எண்ணுவது என்று முடிவு செய்தவருக்குப் பாதி முடிவு முன்பே கிடைத்துவிட்டது. மாணவர் எண்ணிக்கை குறைவு என்று சொல்லி ஓர் ஊர்ப் பள்ளியை மூடுவதைப் பார்த்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

வொர்த் பள்ளத்தாக்கு மக்கள் சும்மா இருக்கவில்லை. 1962இலேயே ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். அதன் முதல் தலைவர் பாப் கிரையர் என்ற ஆசிரியர். ரயில்வேயோடு பேரம் பேசவும் சட்ட அனுமதி வாங்கவும் ஆறு ஆண்டுகள் பிடித்தன. பாதையைத் தவணை முறையில் விலைக்கு வாங்கினார்கள். 1968 ஜூன் 29 அன்று ரயில் மறுபடி ஓடியது. அரசு ரயில்வே தன் கடைசி நீராவி எஞ்சினை நிறுத்த அப்போது ஆறு வாரங்களே இருந்தன.

இங்கே முதல் கேள்விக்கு வருகிறேன். ஒரு நீராவி எஞ்சினை ஓட்ட வேண்டுமென்றால் விடியும் முன்பே எழுந்து நெருப்பு மூட்ட வேண்டும். முந்தைய நாள் சாம்பலை வழித்துக் கொட்ட வேண்டும். கரியும் கிரீஸும் படிந்த சக்கரங்களைத் துணியால் துடைக்க வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி கொட்டி அடிக்க வேண்டும். நிலையத்தின் கழிப்பறையைக் கழுவ வேண்டும். இதையெல்லாம் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் மாணவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் சம்பளம் இல்லாமல், தங்கள் விடுமுறை நாளில் செய்தார்கள்.

அங்கே ஒரு பழைய தொழில் மரபு உண்டு. எஞ்சின் பக்கம் வருகிற எவரும் முதலில் துடைப்பவராகத்தான் சேர வேண்டும். அதில் தேறினால் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன். அதிலும் பல ஆண்டுகள் தேறினால் டிரைவர். வெளியே பெரிய பதவியில் இருக்கிறவர் என்றாலும் இங்கே எண்ணெய்த் துணியில்தான் தொடக்கம்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்த் தண்டவாளம்தான் கண்ணில் வந்தது. பெட்டியின் கழிப்பறையிலிருந்து நேராகத் தண்டவாளத்தில் விழுந்த மலத்தைப் பல தலைமுறைகளாக யார் அள்ளினார்கள்? கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், தண்டவாளத்தில் இந்த வேலையை ஒழிக்கக் காலக்கெடு வைத்துத் திட்டம் போடு என்று ரயில்வேக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. பயோ டாய்லெட்டுகள் வந்து நிலைமை மாறியது அதற்குப் பிறகுதான். அங்கே துடைப்பது ஏணியின் முதல் படி. இங்கே அது பிறப்பிலேயே ஒருவர் மேல் பூட்டப்பட்ட வேலை. அண்ணல் அம்பேத்கர் சாதியைப் பற்றிச் சொன்னதும் இதைத்தான். வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்குவது வேறு.

ஆனால் இங்கிலாந்தைப் புகழ்ந்துவிட்டு உட்கார நான் வரவில்லை. அங்கேயும் வர்க்கம் இருக்கிறது. விரும்பிச் செய்கிற அழுக்கு வேலையும் வேறு வழியில்லாமல் செய்கிற அழுக்கு வேலையும் ஒன்றல்ல. திங்கட்கிழமை கையைக் கழுவிவிட்டு வகுப்பறைக்குத் திரும்ப முடிகிற ஆசிரியருக்குச் சனிக்கிழமைக் கரி ஒரு பெருமை. அதை நாம் மறக்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி சொத்து பற்றியது. இந்த ரயிலை ஒரு பணக்காரர் வாங்கி ஊருக்குத் தானம் கொடுக்கவில்லை. கட்டுப்பாடு உறுப்பினர்களின் சங்கத்திடம் இருக்கிறது. நிர்வாகிகளை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். சண்டை வரும், கூட்டம் நீளும், முடிவு தாமதமாகும். ஆனாலும் அறுபது ஆண்டுகளாகச் சங்கம் உயிரோடு இருக்கிறது.

அந்தப் பாப் கிரையர் பின்னாளில் என்ன ஆனார் என்பதையும் சொல்ல வேண்டும். 1974இல் கீத்லியிலிருந்து தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். பிறகு தொழில் துறையின் இணை அமைச்சர் ஆனார். கிர்க்பி என்ற ஊரில் தொழிலாளர்கள் கூட்டுறவாக நடத்திய ஒரு தொழிற்சாலைக்கு மேற்கொண்டு நிதி தர அரசு மறுத்தபோது, 1978இல் பதவியை விட்டு விலகினார். ரயில் சங்கத்தில் சேர்ந்து உழைத்துப் பழகியவர், தொழிலாளர் கூட்டுறவைக் கைவிட்ட அரசில் நீடிக்க மறுத்தார்.

இனி மூன்றாவது கேள்வி. இதுதான் எனக்கு முக்கியம். மீட்கப்பட்டது எது?

சங்கத்துக்கு ஆரம்பத்தில் உள்ளூர் மக்களின் அன்றாடப் பயணமும் நோக்கமாக இருந்தது. அதற்காக டீசலில் ஓடும் இரண்டு சிறிய ரயில்பஸ்களையும் வாங்கினார்கள். ஆனால் 1970இல் இந்தப் பாதையில் படமாக்கிய 'தி ரயில்வே சில்ரன்' திரைப்படம் வந்தது. சுற்றுலாக் கூட்டம் பெருகியது. வருமானம் அங்கிருந்துதான் வந்தது. இன்றைக்கு அது மிக அழகான பாரம்பரிய ரயில். ஆனால் ஆண்டு முழுவதும் காலையில் வேலைக்கும் இரவில் வீட்டுக்கும் கொண்டுவிடுகிற ரயில் அல்ல. 1961இல் ஊர் இழந்தது ஒரு பொதுச் சேவையை. 1968இல் திரும்பி வந்தது ஒரு அருங்காட்சியகம். தன்னார்வலர்களை இதற்காகக் குறை சொல்ல முடியாது. ஒரு சங்கத்தால் அவ்வளவுதான் முடியும்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். மூடப்பட்ட ஆயிரக்கணக்கான மைல்களில் எவை மீண்டன? இயற்கை அழகு உள்ளவை, பிரான்டி போன்ற பெயர் உள்ளவை, ஓய்வு நேரமும் கைத்திறனும் கொஞ்சம் பணமும் உள்ள ஆட்கள் பக்கத்தில் இருந்தவை. இது எதுவும் இல்லாத ஊரின் பாதை புல் முளைத்துப் போனது. தொண்டை நம்பினால், யாரிடம் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் திரும்பக் கிடைக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பாதை இருக்கிறது. எடின்பரோவிலிருந்து ஸ்காட்லாந்தின் எல்லைப் பகுதி வழியாக இங்கிலாந்துக்குப் போன வேவர்லி பாதையை 1969 ஜனவரியில் மூடினார்கள். கடைசி இரவில் நியூகாசில்டன் என்ற கிராமத்து மக்கள் லெவல் கிராஸிங்கை மறித்து ரயிலை நிறுத்தினார்கள். ஊர்ப் பாதிரியார் கைதானார். அன்று ரயில் போய்விட்டது. ஆனால் கோரிக்கை போகவில்லை. அந்தப் பகுதி மக்கள் எஞ்சின் வாங்கக் காசு சேர்க்கவில்லை. ஆதாரம் சேர்த்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், கட்சிகளை நெருக்கினார்கள். 2006இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதற்காகவே ஒரு சட்டம் இயற்றியது. 2015 செப்டம்பரில் பாதையின் வடபகுதி பொது ரயிலாகத் திறந்தது. முதல் ஆண்டிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள். நியூகாசில்டன் வரை இன்னும் ரயில் வரவில்லை. அதற்கும் கோரிக்கை தொடர்கிறது.

நமக்குப் பக்கத்திலேயே மதுரை - போடி பாதை இருக்கிறது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 முடிவில் ரயிலை நிறுத்தினார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம், போடிக்கு 2023 ஜூன். பன்னிரண்டு ஆண்டுகள்! ரயிலில் குறைந்த கட்டணத்தில் போனவர்கள் அத்தனை ஆண்டும் பஸ்ஸுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அந்தச் செலவு எந்தத் திட்ட அறிக்கையிலும் ஏறாது. அங்கே மக்கள் செய்ததும் மனுவும் போராட்டமும்தான். அது சரியான வழி. ரயில்வே நம் வரிப்பணம்.

ஆகவே தோழர்களே, வொர்த் பள்ளத்தாக்கிலிருந்து இரண்டை எடுத்துக்கொள்வோம். எந்த வேலையும் எவருடைய பிறப்போடும் ஒட்டியதல்ல என்று கைகளால் காட்டியது ஒன்று. பொதுச் சொத்தை ஓட்டுப் போட்டு, கணக்குக் கேட்டு, கூடி நடத்த முடியும் என்று நிரூபித்தது இன்னொன்று. அதற்கு மேல், கைவிடப்பட்டதை மக்களே தூக்கி நிறுத்தட்டும், அரசு விலகிக்கொள்ளட்டும் என்று யாராவது இந்த மாதிரிக் கதைகளைக் காட்டி நம்மிடம் சொன்னால், அதை ஏற்கக் கூடாது. நூலகம், பள்ளி, துணை சுகாதார நிலையம் என்று நாளை எதற்கும் இதே கதையைச் சொல்வார்கள்.

உங்கள் ஊரில் நின்றுபோன ஒரு பஸ் தடமோ ரயிலோ இருந்தால், அதில் கடைசியாகப் போனவர்கள் யார், இப்போது எப்படிப் போகிறார்கள், எவ்வளவு செலவாகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். அரசு ஒரு வாரக் கணக்கை நீட்டும்போது நம்மிடம் ஒரு வருடக் கணக்கு இருக்க வேண்டும். சேரியின் வீடுகளிலிருந்து அந்தக் கணக்கைத் தொடங்குங்கள். மாற்று வண்டி இல்லாதவர்கள் அங்கேதான் அதிகம்.