பூட்டிய செயலியா, பூட்டாத செயலியா?



சென்ற பள்ளி விடுமுறையின்போது ஒரு தகப்பனார் நம்மைத் தேடி வந்தார். அவருடைய மகன் நம்மிடம் ஆறாம் ஆண்டு வரை படித்தவன், இப்போது எஸ்.பி.எம். தேர்வும் எழுதிவிட்டான். விளையாட்டுகள் ஆடுவதற்கேற்ற கணினி ஒன்று வேண்டுமாம். தகப்பனார் கையில் இரண்டு விலைச் சீட்டுகள் இருந்தன. பொருள்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால், ஒரு சீட்டில் செயலியின் பெயருக்குப் பின்னால் ‘கே’ என்ற எழுத்து இருந்தது. தொகையும் பல நூறு வெள்ளி கூடுதலாக இருந்தது.

“வாத்தியாரையா, ஓர் எழுத்துக்கா இவ்வளவு காசு? மகனைக் கேட்டா, உங்களுக்குத் தெரியாதுப்பான்னு சொல்றான்,” என்றார் அவர். அவருக்கு நாம் சொன்ன விளக்கத்தையே இன்று உங்களுக்கும் சொல்கிறோம்.

செயலி, அதாவது கடைக்காரர் ‘புரொசசர்’ என்று சொல்வது, கணினியின் மூளை. அதன் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதை 44-ஆல் பெருக்கினால் 4,400 மெகாஹெர்ட்ஸ், அதாவது 4.4 கிகாஹெர்ட்ஸ். பெருக்கும் அந்த எண்ணை, நிறுவனம் வைத்த எல்லைக்கு மேலே ஏற்ற முடியாதபடி அடைத்துவிட்டால் அது பூட்டிய செயலி. வாங்கியவரே ஏற்றிக்கொள்ளலாம் என்றால் பூட்டாத செயலி. இவ்வாறு ஏற்றுவதையே ‘ஓவர்கிளாக்’ செய்வது என்கிறார்கள். இன்டெல் நிறுவனம் 2010-ஆம் ஆண்டு முதல் பூட்டாத செயலிகளின் பெயரில் ‘கே’ என்ற எழுத்தைச் சேர்த்து விற்று வருகிறது.

பூட்டு ஏன் வந்தது? 1990-ஆம் ஆண்டுகளில் சில வணிகர்கள் குறைந்த வேகச் செயலியின் மேலிருந்த எழுத்தை அழித்து, கூடிய வேகத்தைப் பொறித்து ஏமாற்றி விற்றார்கள். அந்த மோசடியைத் தடுப்பதும் பூட்டுக்கு ஒரு காரணம்.

பூட்டு வந்த பின்னும் அந்நாளில் ஏழைக்கு ஒரு வழி இருந்தது. 1998-இல் வந்த ‘செலரான் 300ஏ’ என்னும் மலிவான செயலியின் பெருக்கும் எண் 4.5, அது பூட்டப்பட்டிருந்தது. ஆனால், அடிப்படைத் துடிப்பை 66-லிருந்து 100 ஆக்கினால், 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450-இல் ஓடியது. காசு கொடுக்காமலே பாதி வேகம் கூடுதல்! ஓவர்கிளாக் செய்வது சிக்கனம் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் ஊன்றியதுதான்.

இன்று நிலைமை தலைகீழ். ‘டர்போ’ என்னும் ஏற்பாட்டினால், தேவை வரும்போது செயலி தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. மிச்சம் வைத்திருந்த வேகத்தின் பெரும்பகுதியை நிறுவனமே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. நாம் எடுப்பதற்கு எஞ்சியிருப்பது கொஞ்சமே.

ஒரு கணக்குப் பார்ப்போம். 2021-இல் வந்த ‘ஐ5-12600கே’ செயலியின் உச்ச வேகம் 4.9 கிகாஹெர்ட்ஸ். அரும்பாடுபட்டு 5.1 ஆக்கினால் கிடைப்பது நூற்றுக்கு நான்கு பங்கு. விளையாட்டில் வினாடிக்கு 100 படங்கள் ஓடினால், இனி அதிகமாய்ப் போனால் 104. வீட்டுத் திரை வினாடிக்கு 60 படங்களையே காட்டக்கூடியது என்றால், அந்த நான்கும் கண்ணில் படப்போவதில்லை.

அந்த நான்குக்காகும் செலவைப் பாருங்கள். இன்டெல் செயலியின் பெருக்கும் எண்ணை உயர்த்த, ‘இசட்’ வரிசைத் தாய்ப்பலகை வேண்டும். விலை குறைந்த ‘பி’ வரிசைப் பலகை அதற்கு இடம் தராது. 2022-இல் வந்த பூட்டிய ‘ஐ5-12400’ செயலியைப் பெட்டியோடு வாங்கினால் குளிர்விசிறி உடன் வரும். 12600கே-யுடன் வராது, தனியாக வாங்க வேண்டும். 12600கே-யில் உள்ள கருக்கள் 10, 12400-இல் 6; ஆகவே அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலை முழுதும் பூட்டுக்காக அன்று. ஆயினும், விளையாட்டு ஒன்றே நோக்கமானால் ஆறு கருக்களே பெரும்பாலும் போதும்.

பால்மரம் வெட்டுவோருக்கு ஒன்று தெரியும். கத்தியை ஆழமாகப் போட்டால் அன்று மங்கு நிறையும். ஆனால் மரத்தில் காயம் விழும், புதுப்பட்டை ஒழுங்காக வளராது. செயலியும் அத்தகையதே. வேகத்தை ஏற்ற மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டும்; அழுத்தம் சிறிது ஏறினாலும் வெப்பம் பெரிதாக ஏறும், ஆயுளும் குறையும். ஓவர்கிளாக் செய்ததால் வரும் பழுதுக்கு வழக்கமான உத்தரவாதமும் கிடையாது. நிறுவனமே எல்லையை நெருங்கினாலும் ஆபத்துதான். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகள் பலவற்றில் மின்னழுத்தம் மிகுந்து கோளாறு ஏற்பட்டதால், 2024-இல் அந்நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. பழைய கணினி வாங்குவோர், அந்தத் திருத்தம் சேர்க்கப்பட்டதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

அப்படியானால் பூட்டாத செயலி வீணா? அல்ல. ஏஎம்டி நிறுவனத்தின் ‘ரைசன்’ செயலிகளில் பெரும்பாலானவை பூட்டில்லாமலேயே வருகின்றன. அவற்றுக்கு ‘பி’ வரிசைப் பலகையே போதும். மேலும், செயலியின் இயக்கத்தைத் தானே சோதித்துக் கற்க விரும்பும் பிள்ளைக்கு அது ஒரு பாடசாலை. பாடத்திற்குக் கொடுக்கும் காசு வேறு. பெயருக்குக் கொடுக்கும் காசு வேறு.

இதையெல்லாம் அந்தப் பையனையும் அழைத்துச் சொன்னோம். முதலில் அவன் முகம் கொடுக்கவில்லை. “கூட்டாளிங்க எல்லாம் ‘கே’ வச்சிருக்காங்க சார்,” என்றான். அவன் மனம் நமக்குப் புரிந்தது. தோட்டத்துப் பிள்ளை என்பதால் எதிலும் குறைந்தவனாகத் தெரியக்கூடாது என்ற எண்ணம் அது. அதை ஏளனம் செய்யலாகாது. பென்சிலைக் கொடுத்து, இரண்டு சீட்டுகளையும் அவனையே கணக்குப் பார்க்கச் சொன்னோம். செயலி, பலகை, குளிர்விசிறி என்று வித்தியாசத்தை வரிசையாகக் கூட்டினான். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “இந்தக் காசுல இதைவிட நல்ல கிராபிக்ஸ் கார்டே வாங்கலாமே சார்,” என்றான். விளையாட்டின் படங்களைத் தீட்டுவது அந்த அட்டைதான். அவன் சொன்னது மிகச் சரி. பிறகு தகப்பனாருக்கு அந்தக் கணக்கை அவனே விளக்கினான்.

பெற்றோர்களே, பிள்ளை கேட்கும் பொருள் நமக்குப் புரியவில்லை என்பதற்காக உடனே மறுக்கவும் வேண்டாம். கூச்சப்பட்டு உடனே கொடுக்கவும் வேண்டாம். “இது எதற்கு, எனக்கு விளக்கிச் சொல்லு” என்று கேளுங்கள். விளக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாங்கவும் தெரியும்.