மணற்கோதாவும் மூத்தோர் கண்ணும்

திருக்கோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேசுவோர் அதன் ஆழத்தைப் பேசுவர். அங்கு வந்துபோன கடற்படைகளைப் பேசுவர். 1942 ஆம் ஆண்டு ஏப்ரில் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் பொழிந்த குண்டுகளும், 1957 இல் பிரித்தானியக் கடற்படை தளத்தை ஒப்படைத்து அகன்றதும் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. துறைமுகத்தை அண்டிய ஒழுங்கைகளில் வளரும் பிள்ளைகளோ எவர் கண்ணிலும் எளிதிற் படுவதில்லை. பாடசாலை பிற்பகலிலேயே முடிந்துவிடும். கடற்றொழிலுக்கும் கூலிவேலைக்கும் சென்ற பெற்றோர் வீடு திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் பிள்ளையைப் பார்த்திருப்பவர் யார்? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இவ்வினா தமிழருக்குப் புதியதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைப் புறநானூற்றிற் சாத்தந்தையார் பாடினார். அவனுக்கும் அவன் தந்தை தித்தனுக்கும் மனவேறுபாடு இருந்ததென்பர். மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் அந்தப் போரைத் தித்தன் காணவேண்டும் என்பதே புலவரின் வேட்கை. வெற்றி பெற்ற இளைஞனுக்கும் மூத்தவர் ஒருவரின் கண் வேண்டியிருந்தது.

அத்தகைய கண்ணாக விளங்கியவர் டில்லி நகரத்துக் குரு ஹனுமான். 1901 இல் இராசத்தானிற் பிறந்த அவர், இளமையில் டில்லிக்கு வந்து, 1920களில் பிர்லா ஆலையின் ஆதரவுடன் மல்யுத்தக் கூடமொன்றை நிறுவினார். மணம் செய்யாது வாழ்ந்து, மாணவரையே மக்களாகக் கொண்டார். விடியுமுன் எழுவதும், கோதாவின் மண்ணைக் கொத்திப் பதப்படுத்துவதும், உணவிலும் ஒழுக்கத்திலும் கட்டுப்பாடு காப்பதும் அங்குப் பாடங்களாயின. அவரிடம் பயின்ற சத்பால் 1982 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவில் தங்கப் பதக்கம் வென்றார். பின்னர் தாமும் ஆசானாகிப் பல இளைஞரை உருவாக்கினார். 1999 இல் குரு மறைந்தபின்னரும் அவர் தொடக்கிய பணி தொடர்ந்தது.

இப்பணிக்கு மல்யுத்தம் ஏற்றதாவது ஏன்? இவ்விளையாட்டைத் தனியே கற்க இயலாது. தன் எடைக்கு ஒத்த தோழன் ஒருவன் தன் உடலை நம்பி ஒப்படைத்தாலன்றிப் பிடியொன்றும் பழகாது. குத்துவதும் உதைப்பதும் விதிக்கு மாறானவை. முதற்பாடமே காயமின்றி விழுவது. நாள்தோறும் விழுந்தெழும் பிள்ளை தோல்வியைத் தாங்கக் கற்கிறது. தூக்கியவனை இடருறாது இறக்கவும் கற்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழ்ந்து, நீண்ட போரின் வடுவையும் சுமக்கும் ஒரு நகரில், இப்பயிற்சியின் பயனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இதற்குப் பெருஞ்செலவும் வேண்டா. உலக மல்யுத்தச் சங்கம் ஏற்றுள்ள கடற்கரை மல்யுத்தத்துக்கு ஏழு மீற்றர் விட்டமுள்ள மணல்வட்டம் போதும். போட்டி மூன்று நிமிடமே. முதலில் மூன்று புள்ளி பெறுபவர் வெல்வர். மணலுக்குத் திருக்கோணமலையிற் பஞ்சமில்லை.

பெண் பிள்ளைகளுக்கும் அவ்வட்டத்தில் இடமுண்டு. 2022 ஆம் ஆண்டு பர்மிங்காம் நகரிற் நடந்த பொதுநலவாய விளையாட்டு விழாவில், இலங்கையின் நெத்மி அஹின்சா மல்யுத்தத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார். ஆயின் அடுத்த ஆண்டே இந்தியாவின் புகழ்பெற்ற மல்யுத்த வீராங்கனையர் டில்லித் தெருவில் அமர்ந்து, தம் விளையாட்டை ஆளும் பீடத்திலிருந்தே பெண்களுக்குத் தீங்கு நேர்ந்ததென முறையிட்டனர். பிள்ளையை ஆசான் பார்த்திருத்தல் வேண்டும். ஆசானை ஊர் பார்த்திருத்தல் வேண்டும். பயிற்சி திறந்த வெளியில் நடைபெறவேண்டும். எந்த நேரத்திலும் தாய்மார் வந்து பார்க்க உரிமை இருக்கவேண்டும். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்றுநரும், முறையீட்டைக் கேட்க ஆசானுக்கு அடங்காத பெரியோர் சிலரும் இருத்தல் நலம்.

பதக்கம் பெறுவோர் என்றும் சிலரே. மற்றையோர் மீனவராவர், எழுதுவினைஞராவர், துறைமுகத் தொழிலாளராவர். அவர்களுக்கும் அந்த மணல் கொடுக்கவேண்டியது ஒன்றுண்டு. ஒரு மாலை வராவிடின், மறுநாள் வீடு தேடி வந்து காரணம் கேட்கும் மூத்தவர் ஒருவர். மணல் தானே கிடக்கிறது. தேடவேண்டியவர் அந்த மூத்தவரே.