தபால்காரர் இரண்டாம் முறை தட்டினால்...

 

எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் பட்ட ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ரத்த தானம் செய்பவர்களுக்காக டெலிகிராமில் ஒரு சாட் பாட் எழுதினேன். இன்ன குரூப் ரத்தம் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், பட்டியலில் அந்தக் குரூப் உள்ள எல்லோருக்கும் செய்தி போகும்.

டெலிகிராமிலிருந்து செய்தியை வாங்க இரண்டு வழி. ஒன்று, நாமே அடிக்கடி தபாலாபீசுக்குப் போய், "ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்பது. மற்றது வெப்ஹுக்: விலாசத்தைக் கொடுத்துவிட்டால் தபால்காரரே வந்து கதவைத் தட்டுவார். தட்டும்போது மட்டும் எழுந்து வேலை செய்ய, 2014-இல் அமேசான் அறிவித்த லாம்டாவை வைத்தேன். இதைத்தான் சர்வர்லெஸ் என்கிறார்கள். சர்வர் இல்லாமல் இல்லை; அதைக் கட்டி மேய்க்கும் வேலை நமக்கில்லை, அவ்வளவுதான்.

ஒரு ராத்திரி அவசரமாக ரத்தம் கேட்டு ஒரு செய்தி வந்தது. பட்டியலில் மேலே இருந்தவர்களுக்கு அதே செய்தி திரும்பத் திரும்பப் போனது. கீழே இருந்தவர்களுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. "எத்தனை தடவைப்பா கேப்பே? கிளம்பிட்டேன்!" என்று ஓர் அண்ணன் போனில் சத்தம் போட்டார். அவர் போய்க் கொடுத்ததால் காரியம் நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் மறுநாள், "எனக்கு ஏன் சொல்லலை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

காரணம் இதுதான். நாம் மாற்றாவிட்டால் லாம்டா தரும் நேரம் 3 விநாடி. பாதிப் பட்டியலிலேயே பங்ஷன் நின்றுபோனது. 'கிடைத்தது' என்று சொல்லும் 200 பதில் டெலிகிராமுக்குப் போகவில்லை. தபால்காரர் அதே கடிதத்தோடு மறுபடியும் தட்டினார். பங்ஷனுக்கோ பழைய ஞாபகம் கிடையாது. மறுபடியும் முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தது.

நேரத்தை 15 நிமிடம் வரை கூட்டலாம். ஆனால் தபால்காரர் அதுவரை வாசலில் நிற்கமாட்டார். ஆகவே வேலையை ஒரு க்யூவில் போட்டுவிட்டு உடனே 200 சொல்லிவிட்டேன். அனுப்புவது இன்னொரு பங்ஷன். செய்தி போனவர் பெயருக்கு எதிரே டேட்டாபேஸில் ஒரு டிக். ஒவ்வொரு செய்திக்கும் டெலிகிராம் ஓர் எண் தருகிறது. அதே எண் மறுபடி வந்தால், டிக் விழுந்தவர்களை விட்டுவிட்டு மீதிப் பேருக்கு மட்டும் அனுப்பும்.

தம்பி தங்கைகளே, புரோகிராம் ஓடிவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். "இதே வேலை இரண்டாம் முறை வந்தால் என்ன ஆகும்? பாதியில் நின்றால் யார் விடுபடுவார்?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டியலின் கடைசியிலும் ஒரு மனிதர் காத்திருக்கிறார்.