யாவரும் காணும் கடிகாரம்



நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஒரு காலத்தில் ஒரே ஒரு சுவர்க்கடிகாரந்தான் இருந்தது. அதுவும் என் அறையினுள் இருந்தது. தேர்வு நாட்களில் மணி கேட்க, வகுப்புக்கு ஒருவராக மாணவர்கள் வந்து கதவருகே நிற்பார்கள். நான் கைவேலையை நிறுத்தி விடை கூறுவேன். இருவருக்குமே கால விரயம். பின்னர் அதனைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டித் தாழ்வாரத்தில் மாட்டச் செய்தேன். யாவரும் காணலாம், சாவி மட்டும் என்னிடம் இருந்தது.

யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறி அமைப்புகளிலும் இச்சிக்கல் எழுந்தது. அங்கே காலமானது, உலகப் பொது நேரப்படி 1970 ஜனவரி 1-ஆம் நாள் பிறந்த கணம் முதலாக நொடிகளில் எண்ணப்படுகிறது. கடிகாரத்தைக் காப்பது 'கெர்னல்' என்னும் உட்கரு. நேரம் அறிய விரும்பும் நிரல் ஒவ்வொரு முறையும் கெர்னலை அழைத்து, அதனுள் புகுந்து மீளவேண்டியிருந்தது. ஒருமுறை எனில் இது சிறு செலவே. நொடிக்குப் பல்லாயிரம் முறை எனில் பெருஞ்செலவன்றோ?

லினக்ஸ் கண்ட வழி யாது? கெர்னல் தன் நேரக் குறிப்பை ஒரு நினைவகப் பக்கத்தில் எழுதி, அப்பக்கத்தை எல்லா நிரல்களுக்கும் படிக்க மட்டும் திறந்து வைக்கிறது. நிரலானது அக்குறிப்பைப் படித்து, அதன்பின் செயலியின் எண்ணி எவ்வளவு முன்னேறியது என்று கண்டு கூட்டிக்கொள்கிறது. இக்கணக்கைச் செய்யும் சிறு வழிமுறையையும் 'விடிஎஸ்ஓ' என்ற பெயரில் கெர்னலே அளிக்கிறது.

ஆயினும் ஓர் இடர் உண்டு. ஒருநாள் நான் முள்ளைத் திருத்திக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்த மாணவன், வகுப்பில் தவறான மணியைச் சொல்லிவிட்டான். கணிப்பொறியிலும் அவ்வாறு நேரலாம். 10 நொடி 999 மில்லிநொடி என்பது 11 நொடி 1 மில்லிநொடியாகத் திருத்தப்படும் வேளையில், பழைய நொடியையும் புதிய மில்லிநொடியையும் சேர்த்துப் படித்தால் 10 நொடி 1 மில்லிநொடி என்றாகும். காலம் ஏறக்குறைய ஒரு நொடி பின்னோக்கிச் சென்றதாகிவிடும்!

இதைத் தடுக்கக் கெர்னல் ஒரு வரிசை எண்ணை வைத்திருக்கிறது. எழுதத் தொடங்கும்போது ஒன்று கூட்டும். முடித்தபின் மீண்டும் ஒன்று கூட்டும். ஆகவே அவ்வெண் ஒற்றைப்படையாக இருந்தால் எழுத்து நடைபெறுகிறது என்று பொருள். படிப்பவர் முன்னும் பின்னும் அவ்வெண்ணை நோக்குவர். மாறியிருந்தால் படித்ததை விடுத்து மீண்டும் படிப்பர். எண்ணியை நிரல் நேரே படிக்க இயலாத கணிப்பொறிகளில் மட்டும் பழையபடி கதவைத் தட்ட வேண்டியதே.

மாணவர்களே! இவ்வழி விரைவானது; அவ்விரைவிலும் சரிபார்த்தலைக் கைவிடவில்லை. தேர்வில் விடையெழுதி முடித்தபின் ஒருமுறை திரும்பப் படியுங்கள் என்று நான் ஆண்டுதோறும் சொல்லிவந்ததும் இதுவே.