ஆறு இங்கே, ஆளும் கை எங்கே?



வெள்ளியங்கிரி மலையடியிற் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கின்றது. தோன்றும் இடம் முதல் கலக்கும் இடம் வரை அது தமிழ் மண்ணிலேயே ஓடும் ஆறு. அதன் கேட்டிற்கு அண்டை மாநிலத்தாரைப் பழிக்க வழியே இல்லை.

ஆனால், அவ்வாற்றின் தூய்மையைக் காக்கும் சட்டம் தில்லியிற் பிறந்தது. அரசமைப்புச் சட்டப்படி நீர் மாநிலத்திற்கு உரிய பொருள். ஆயினும், மாநிலங்கள் சிலவற்றின் தீர்மானங்களைப் பெற்று, நீர்மாசுத் தடுப்புச் சட்டத்தை 1974-இல் நாடாளுமன்றமே இயற்றிற்று. ஏனையவை பின்னர் ஏற்றன. 252-ஆம் பிரிவின்படி, அவ்வாறு ஏற்ற சட்டத்தின் ஓர் எழுத்தையேனும் மாநிலச் சட்டமன்றம் திருத்தவியலாது. கொடுத்தவர் திரும்பப் பெறமுடியாத கொடை இது! 1976-இல் காடும் பொதுப்பட்டியலுக்குப் போயிற்று. போபால் நச்சுக்காற்றுக் கொடுமைக்குப் பின் வந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டம், எந்த ஆலையையும் மூடும் அதிகாரத்தை நடுவணரசுக்கு வழங்கிற்று. 2024-ஆம் ஆண்டுத் திருத்தமோ, மாநில வாரியத் தலைவரை அமர்த்தும் முறையையும் தில்லியே வகுக்கலாம் என்கின்றது. தீர்மானம் இயற்றி ஏற்காத மாநிலத்தில் அத்திருத்தம் செல்லாது என்பது ஒன்றே ஆறுதல்.

தில்லியை மட்டும் குறைகூறி அமைவது நேர்மையாகுமா? சாயப்பட்டறைக்கு இசைவு தருவதும் மறுப்பதும் 1982-இல் அமைந்த தமிழ்நாட்டு வாரியத்தின் கையிலேயே இருந்தன. பாசனத்திற்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது உப்பும் சாயமும் கலந்த கழிவுநீர். கிணறுகள் கெட்டன, பயிர்கள் கருகின. அணையில் நீர் வேண்டா என்று உழவரே மன்றாடிய கொடுமையை வேறெங்குக் கண்டோம்? இறுதியில் அவர்கள் சென்னை உயர் முறைமன்றத்தின் படியேறினர். கழிவு ஒரு துளியும் ஆற்றில் விழலாகாது என்று 2006-இல் ஆணை பிறந்தது. அது மீறப்பட்டமையால் 2011 சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும் ஆணை வந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழந்தனர். வாரியம் வேளையோடு செய்யாததை முறைமன்றம் காலங்கடந்து செய்ததற்கு ஏழையர் கொடுத்த விலை அது!

அதிகாரம் தில்லியிலிருந்து சென்னைக்கு வந்தால் மட்டும் போதாது. ஏற்றுமதி ஆலையின் குரல் சென்னைக்கும் எளிதில் எட்டும். கடைமடை உழவனின் குரல் எட்டுவதில்லை. வாரியத்தில் உள்ளாட்சி உறுப்பினர் ஐவர் வரை இடம்பெறலாம் என அதே 1974-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. அவரைத் தேர்ந்தமர்த்துவது மாநில அரசு. வேளாண்மை, மீன்வளம், தொழில், வணிகம் அனைத்திற்கும் சேர்த்து வைத்த இடங்களோ மூன்றே!

அந்த ஐந்து இடங்களில் நொய்யல், பாலாறு ஆகியவற்றின் கடைமடை ஊராட்சியாளரை அமர்த்த எந்தத் திருத்தமும் வேண்டா. தில்லியின் இசைவும் வேண்டா. சென்னை மனம் வைத்தாற் போதும்.