ஷெஃபீல்டு சவரக்கத்தியின் வயது

பழைய மடக்குச் சவரக்கத்தி ஒன்றைக் கையில் கொடுத்து, ‘இது எந்த வருஷத்துக் கத்தி?’ என்று கேட்டால், தேர்ந்த சேகரிப்பாளர் வருஷத்தைச் சொல்ல மாட்டார். ‘இந்தக் காலத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது, அந்தக் காலத்துக்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்புக் குறைவு’ என்று இரு கரைகளை மட்டும் காட்டுவார். அந்த நிதானத்துக்காகவே இந்தக் கலையை நான் மதிக்கிறேன். உலகச் சந்தைக்கெல்லாம் கத்தி அனுப்பிய இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தை வைத்து அதை விளக்குகிறேன்.

பெயரைப் படிக்கும் முன் உருவத்தைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டுக் கத்திகளில் விரல் வைத்துப் பிடிக்கும் வால் பெரும்பாலும் இராது. இருந்தாலும் சிறு முளைதான். அடுத்த நூற்றாண்டில் அது நீண்டு வளைகிறது. அலகும் மாறுகிறது. முதலில் ஆப்பு மாதிரி தடித்திருந்த அலகின் இரு பக்கங்களையும் போகப்போகக் குழிவாகச் சாணை பிடித்தார்கள். நூற்றாண்டின் கடைசியில் வந்த மெல்லிய அலகை நகத்தால் சுண்டினால் ஓசை எழும்.

அடுத்தது முத்திரை. கிரீடத்தின் இரு பக்கமும் அரசரின் முதலெழுத்துகள் இருந்தால் நல்ல காலம். ‘வி.ஆர்.’ விக்டோரியா, 1837 முதல் 1901 வரை நீளும் ஆட்சி, ஆகவே அது மட்டும் போதாது. ‘டபிள்யூ.ஆர்.’ நான்காம் வில்லியம். 1830 முதல் 1837 வரை ஏழே ஆண்டுகள். இதைவிட நெருக்கமான சாட்சி அபூர்வம். ‘ஜி.ஆர்.’ என்றால்தான் சிக்கல். ஜார்ஜ் என்ற பெயரில் 1714 முதல் 1830 வரை நால்வர் ஆண்டார்கள். 1910-இல் இன்னொரு ஜார்ஜ் வந்தார். அங்கே வாலும் அலகும்தான் தீர்ப்புச் சொல்லும்.

எஃகின் பெயரும் பேசும். ‘காஸ்ட் ஸ்டீல்’ என்பது 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் உருக்கி வார்த்த எஃகின் வழிவந்தது. ‘சில்வர் ஸ்டீல்’ இன்னும் சுவையானது. மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்பவரோடு சேர்ந்து எஃகில் வெள்ளி உள்ளிட்ட உலோகங்களைக் கலந்து சோதித்து, 1822-இல் முடிவுகளை வெளியிட்டார். அந்தப் புகழுக்குப் பிறகே கத்திக்காரர்கள் இப்பெயரைப் பொறித்தார்கள். உள்ளே வெள்ளி உண்டா என்பது வேறு கேள்வி. பெயர் வந்த காலம் நமக்குப் போதும்.

‘இங்கிலாந்து’ என்ற சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1890-இல் அமெரிக்கா இயற்றிய மெக்கின்லி சுங்கச் சட்டப்படி, 1891 மார்ச் முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருந்தாக வேண்டும். அதனால் ‘ஷெஃபீல்டு, இங்கிலாந்து’ என்றிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. இந்த விதியைத் திருப்பிப் போடக்கூடாது. உள்நாட்டில் விற்ற கத்திக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நாட்டின் பெயர் இல்லை என்பதற்காக ஒரு கத்தி பழையதாகிவிடாது.

கைப்பிடியை நம்புவதில் கவனம் வேண்டும். கொம்பும் தந்தமும் பழையவை; செல்லுலாய்டு 1870-க்குப் பிறகே புழக்கத்துக்கு வந்தது. ஆனால் பிடி உடைந்தால் ஆணியைத் தட்டி எடுத்து வேறு பிடி பொருத்துவது சவரக்கத்திக்குச் சாதாரணம். அலகுக்கும் பிடிக்கும் தனித்தனியே வயது எழுதுவதே நேர்மை. செல்லுலாய்டுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு: சிதையும்போது அமில ஆவி கக்கி, தன் அலகையும் பக்கத்துக் கத்திகளையும் துருவேற்றும். அதைத் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள்.

எனக்கு உண்மையாகவே மனம் வலிப்பது, விற்பனைக்காகச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கிய கத்திகளைப் பார்க்கும்போதுதான். ஆழமில்லாத எழுத்துகள் முதலில் தேய்ந்துவிடும். டபிள்யூ போய் ஆர் மட்டும் மிஞ்சினால், அந்த ஏழாண்டுச் சாட்சியத்தை யாராலும் மீட்க முடியாது. மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். அதற்குமேல் கை வைக்கும் முன், முத்திரையைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.