கல்லை நட்டவர் யார்?
(வீர விருதுகள் பற்றிய ஆராய்ச்சி மாநாட்டுத் தலைமை உரை)



துப்பாக்கியை ஒருநாளும் தோளில் சுமந்தறியாமல், மைப்படித் தாளும் தூரிகையுமாக வயற்காடுகளில் கல்லெழுத்துத் தேடியே வாழ்நாளைக் கழித்த என்னை, வீரத்துக்கு அளிக்கப்படும் விருதுகளைப் பற்றி ஆராயக் கூடியிருக்கும் இப்பேரவைக்குத் தலைமை வகிக்குமாறு நீங்கள் பணித்தது, என் தகுதியை நோக்கியன்று, உங்கள் அன்பை நோக்கியே என்பதை நான் உணர்வேன். அழைப்பு வந்த நாள் முதல் மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் என்னைத் தொடர்ந்து வந்தது. மார்பில் பதக்கம் தாங்கியவர் முன்னிலையில் பதக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குள்ள உரிமை யாது என்று பலமுறை என்னையே கேட்டுக்கொண்டேன். சாசனம் படிப்பவன் என்ற ஓர் உரிமை உண்டென்று கண்டு துணிந்து வந்திருக்கிறேன்.

மாநாட்டின் பொருளைப் பற்றி விரித்துரைக்க வேண்டிய அவசியமில்லை. 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்டு 15 முதலே செல்லும் என்று விதிக்கப்பட்ட பரம வீர சக்கரமும், இந்திரனுடைய வஜ்ராயுதத்தை அதன் முகப்பில் பொறித்துத் தந்த சாவித்திரி கானோல்கர் அம்மையாரின் கைத்திறனும், பகைவர்க்கு எதிரே நிகழாத வீரத்துக்கென 1952இல் தோன்றிய அசோக சக்கர வரிசையும் நீங்கள் நன்கறிந்த விஷயங்கள். இவை குறித்து இரண்டு நாளும் நல்ல கட்டுரைகள் படிக்கப்பட இருக்கின்றன. அவற்றின் சுவையை முன்னதாகவே நான் கவர்ந்துகொள்ளுதல் முறையன்று.

ஆயினும் ஒரு திருத்தத்தைச் சொல்லியே ஆகவேண்டும். நம் கைநூல்கள் பலவும் இந்நாட்டு வீர விருதுகளின் சரித்திரத்தை 1856இல் பிறந்த விக்டோரியா சிலுவையிலிருந்து தொடங்குகின்றன. அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1837இல், கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்கென ஒரு வீர விருதை ஏற்படுத்தி, அதை மூன்று வகுப்புகளாக வகுத்து, மேல்வகுப்புக்கு உயர வேண்டுமாயின் மீண்டும் ஒரு வீரச்செயல் புரிந்தாக வேண்டும் என்று விதித்திருந்தனர். பெற்றவனுக்குச் சம்பளம் உயர்ந்தது, அவன் மறைந்தால் கைம்பெண்ணுக்கு மூன்றாண்டு அந்த உதவி தொடர்ந்தது. விக்டோரியா சிலுவையோ 1911 வரை இந்தியச் சிப்பாய்க்கு எட்டாததாகவே இருந்தது. மேலும், போரில் மாண்டவனுக்கு அதை வழங்கும் வழக்கம் தொடக்கத்தில் இல்லை. பிழைத்திருந்தால் பரிந்துரைக்கப்பட்டிருப்பான் என்று அரசிதழில் ஒரு குறிப்பு வரும், அவ்வளவே. அம்முறை தளர்ந்து, முன்னர் மாண்ட அறுவருடைய குடும்பத்தாருக்கு அச்சிலுவை அளிக்கப்பட்டது 1907இல்தான். அதற்குள் 1897 செப்டம்பர் 12ஆம் நாள் சாராகடிக் காவல் நிலையில் நின்று ஒருவர் எஞ்சாமல் மடிந்த 36ஆம் சீக்கியப் படையினர் இருபத்தொருவருக்கும் நான் சொன்ன இந்திய விருது அளிக்கப்பட்டு, அவர்தம் குடும்பங்களுக்கு நிலமும் பணமும் வழங்கப்பட்டிருந்தன. மாண்டவனுக்கு மானமும் அவன் மனைவி மக்களுக்கு வாழ்வும் ஒருசேரத் தருவதே வீரத்தைப் போற்றும் முறை என்பதை இந்நாடு புதிதாகக் கற்கவில்லை என்பதற்காகவே இதை இங்கே எடுத்துரைத்தேன்.

இனி, என் உள்ளத்தில் நாற்பதாண்டுகளாகக் கிடந்து உறுத்தும் ஒரு வினாவுக்கு வருகிறேன். தலைமையுரை அதற்குரிய இடமன்று என்று சிலர் கருதக்கூடும். வேறு இடம் எனக்கு வாய்க்கவில்லை என்பதே என் விடை. இளமையில் இது குறித்து ஒரு கருத்தரங்கில் நான் படித்த கட்டுரையொன்று அக்கருத்தரங்கின் தொகுப்பில் இடம்பெறாமல் போயிற்று. அன்று அதை மறுத்துரைத்த பெரியவரிடமே நான் கல்லெழுத்தைப் பிழையறப் படிக்கக் கற்றேன் என்பதையும், இன்று நான் காட்டப்போகும் சான்றுகளை அவர் கற்றுத்தந்த கண்கொண்டே கண்டேன் என்பதையும் நன்றியோடு சொல்லிக்கொள்ளுகிறேன்.

வினா இதுதான்: வீழ்ந்த வீரனுக்கு எடுத்த நடுகல் யார் கொடுத்த விருது? அறிஞர் சிலர் அதைச் சமய இயலுக்குரியதாக, இறந்தோர் வழிபாட்டின் பகுதியாக மட்டுமே கொள்கின்றனர். வேறு சிலர், செங்கம் வட்டாரத்துக் கற்களின் தலைப்பில் பல்லவ மன்னருடைய ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டிருத்தலைக் கண்டு, அவை அரசன் அளித்த விருதுகளே என்று முடிவு கட்டுகின்றனர். இவ்விரண்டு அபிப்பிராயங்களையும் நான் ஏற்கவில்லை. நடுகல், வீரனோடு வாழ்ந்தவரும் அவன் வீழ்ந்ததைக் கண்டவரும் அவனுக்குத் தந்த சான்றிதழ் என்பதே என் துணிபு.

முதற் சான்று தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழ்ப் பிராமிக் கற்கள். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், பட்ட அந்தவன் என்பானுக்கு எடுத்த கல் என்று சில சொற்களில் சொல்லி நிற்கிறது. அவன் ஊர் உண்டு, பெயர் உண்டு, நிகழ்ச்சி உண்டு. மன்னன் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை. அரசன் கொடுத்த விருதாயின் கொடுத்தவன் பெயரை மறைத்து வைப்பார் உளரோ? ஆட்சியாண்டு பின்னூற்றாண்டுகளில் வந்து சேர்ந்தது; காலத்தைச் சொல்ல அதுவே அக்காலத்து வழி. நிலம் விற்ற ஓலையில் மன்னன் ஆண்டு எழுதப்பட்டிருப்பதால் விற்றவன் மன்னன் என்று நாம் சொல்வதில்லையே.

இரண்டாவது சான்று எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில், வாணர் குலத்துத் தலைவன் ஒருவனைச் சார்ந்து வாழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் இளைஞன், எருமைகளின் பொருட்டுப் போரிட்டு மாண்டான். பல்லவப் பேரரசின் எல்லையை அவன் காக்கவில்லை. காஞ்சியில் இருந்த மன்னன் அவனை அறிந்திருக்கவும் காரணமில்லை. அன்றியும் அக்கல்லில் ஒரு நாயின் உருவமும் உண்டு. கள்வரைக் கடித்துத் தன் தலைவன் அருகே காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. போரில் துணைநின்ற விலங்குகளுக்கென இங்கிலாந்தில் டிக்கின் அம்மையார் பதக்கம் ஏற்படுத்தியது 1943இல். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தமிழ்நாட்டு மந்தைவெளியில் ஒரு நாய் பெயர் சொல்லிப் போற்றப்பட்டது. அருமைச் சான்றோர்களே, அந்நாயின் பெயரை அரண்மனை அறியுமா? அதனோடு அதே பட்டியில் கிடந்து எழுந்தவரே அறிவர்.

மூன்றாவதும் தலையாயதுமான பிரமாணம் தொல்காப்பியம். மன்னனிடம் சிறப்புப் பெற்றவனுடைய பேச்சாகிய மாராயம் பெற்ற நெடுமொழியைப் புறத்திணையியல் வஞ்சித் துறைகளுள் வைக்கிறது. நச்சினார்க்கினியர் அதற்கு ஏனாதி, காவிதி முதலிய பட்டங்களைக் காட்டுகிறார். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்னும் கல்லின் நிலைகளையோ அந்நூல் வெட்சியோடு சேர்த்து ஓதுகிறது. அரசன் உயிருள்ளவனுக்குத் தரும் சிறப்பு ஓரிடத்தில். மாண்டவனுக்கு எடுக்கும் கல் வேறிடத்தில். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதாத ஆசிரியரின் நுண்மையை, அவருக்குப் பல நூற்றாண்டு பின்வந்த நாம் குழப்பிக்கொள்ளுதல் தகுமா?

எதிர்வாதத்தின் வலிமையை நான் மறைக்கமாட்டேன். நடுகல்லோடு நெய்த்தோர்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் நிலம் விடப்பட்டதைச் சாசனங்கள் சொல்கின்றன. நிலம் கொடுக்கும் அதிகாரம் ஆட்சியாளருக்குரியதன்றோ என்று கேட்கின்றனர். அந்நிலத்தை ஊராரே விட்ட இடங்களும் உண்டு என்பது ஒரு விடை. தலைவன் விட்ட இடங்களிலும், குருதி சிந்தியவனின் மக்களுக்கு வாழ்வு தந்தவன் அத்தலைவன், மாண்டவன் குருதி சிந்தினான் என்பதற்குச் சாட்சி நின்றவர் ஊரார் என்பது மற்றொரு விடை. வாழ்வு மேலிருந்து வரலாம். சாட்சி பக்கத்தில் நின்றவரிடமிருந்துதான் வரமுடியும். மேலைநாட்டாரும் இதை உணர்ந்திருந்தனர். 1856ஆம் ஆண்டு விக்டோரியா சிலுவை ஆணையிலேயே, ஒரு படைப்பிரிவு முழுதும் சமமாக வீரம் காட்டிய சந்தர்ப்பத்தில், பெறத்தக்கவரை அவ்வீரர்களே தமக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கலாம் என்ற விதி உண்டு. 1857 போர்களில் பலர் அவ்வாறே தேர்ந்தெடுக்கப்பட்டனர். அரசியின் பெயரால் வந்த சிலுவைக்கே தோழனின் வாக்கு வேண்டியிருந்தது.

சமயத்தின் பகுதி என்பாருக்கு ஒன்று சொல்வேன். தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் இக்கற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபடப்படுகின்றன. அவ்வழிபாட்டை நானும் வணங்குகிறேன். ஆனால் எல்லாக் கல்லும் வேடியப்பன் ஆனபோது, கருந்தேவக்கத்தியின் பெயரும் அந்தவனின் பெயரும் ஊரார் வாயிலிருந்து மறைந்துபோயின. தெய்வமாக்கியது பிற்காலம்; பெயர் எழுதியது முற்காலம். எழுதியவரின் நோக்கம் எழுத்தில்தான் இருக்கிறது.

எயினர் அம்பு தீட்டித் தீட்டி விளிம்பு தேய்ந்ததனால், வழிச்செல்வோரால் படித்து முடிக்க இயலாமற்போன ஒரு நடுகல்லை அகநானூற்றுப் பாட்டொன்று காட்டுகிறது. அத்தேய்வு நின்றபாடில்லை. துணி துவைக்கும் கல்லாகவும், வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட பாலமாகவும் கிடந்த கற்களை நானே புரட்டிப் பார்த்திருக்கிறேன். புரட்டுவதற்கு முன்பே உடைந்துபோனவையும் உண்டு. ஆகவே இப்பேரவையை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. இம்மாநாட்டு மலரில் பரம வீர சக்கரம் பெற்ற இருபத்தொருவரின் வரலாறுகள் அச்சாகும்போது, அவற்றுக்கு முன்னால், இதுவரை படிக்கப்பட்ட நடுகல் வாசகங்களை ஊர்ப்பெயரோடும் கல் நிற்கும் இடத்தோடும் முறைப்படுத்தி ஒரு பகுதியாகச் சேருங்கள். இங்கே வந்திருக்கும் இளம் ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவரும் ஊர் திரும்பியதும், தம் ஊர் எல்லையில் கிடக்கும் ஒரு கல்லையேனும் நிமிர்த்தி, கழுவி, மைப்படி எடுத்து அனுப்புங்கள்.